உள்பக்கத்து ரீடர்

கதவுக்குப் பூட்டு போடறதுதான் என் தொழில். சாவியைச் சொருகித் திருகுற பூட்டுன்னு நினைச்சுடாதீங்க. கார்டைக் காட்டினா டிக்குனு திறக்கும் பாருங்க, அது. சுவத்துல தீப்பெட்டி அளவுல கறுப்பா ஒண்ணு ஒட்டியிருக்கும், அதுக்குப் பேரு ரீடர். கதவு நிலைக்கு மேல ஒரு காந்தம். எங்கேயாவது கண்ணுல படாம ஒளிச்சு வச்ச ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில நெட் ஒயரைச் சொருகிட்டா முடிஞ்சுது. உலகத்துல எந்த மூலையில உக்காந்தும் பிரவுசரைத் திறந்து, பாஸ்வேர்டைப் போட்டு, எந்தக் கதவு வழியா யார் எத்தனை மணிக்கு வந்தாங்கன்னு பாக்கலாம். பிடிச்சவனுக்குத் திறக்கலாம், பிடிக்காதவன் கார்டை ஒரே தட்டுல செல்லாம பண்ணலாம். பதினேழு வருஷமா இந்த வேலை. முன்னெல்லாம் இதை நாலு பேர் கிட்ட பெருமையா சொல்லிக்குவேன். இப்போ சொல்லும்போதே வாய் கசக்குது.

என் பொண்டாட்டிக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. அண்ணனுக்குக் குடும்பத்துல ஹெட்மாஸ்டர்னு பேரு. அவர் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் பாடம் நடத்தினது கிடையாது. சின்ன வயசுல சாப்பிட உக்காரும்போது கூடத் தங்கச்சி தம்பியை வரிசையா நிக்க வச்சு வருகைப் பதிவு எடுப்பாராம், அதனால வந்த பேரு. இப்போ வெளிநாட்டுல ஒரு பெரிய கம்பெனியில உக்காந்து மத்தவங்க செய்யற வேலையோட ரிப்போர்ட்டைப் பாக்கறதுதான் அவர் வேலை. ஆளுக்கேத்த உத்தியோகம்! தம்பி இருக்கானே, அவனுக்குப் பேரு ஆமாண்ணா. அண்ணன் என்ன சொன்னாலும் அவன் வாயிலேர்ந்து வர்றது அது ஒண்ணுதான். இதே ஊர்ல, பஸ்ஸுல இருபது நிமிஷ தூரத்துல இருக்கான். அப்பாவைப் பாக்க வந்து நின்ன நாட்களை விரல் விட்டு எண்ணிடலாம், ஒரு கை போதும்.

என் மாமனார் சொந்தமா ஒரு மூணடுக்குக் கட்டடம் வச்சிருந்தாரு. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. முதல் மாடியில பல் டாக்டர். ரெண்டாவது மாடியில அவர். மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. ரெண்டரை வருஷத்துக்கு முன்னால ஒரு காலையில பல் தேய்க்கப் போனவர் அப்படியே சாஞ்சுட்டாரு. இடது பக்கம் இழுத்துக்கிச்சு. பேச்சு குழறிடுச்சு. ஆனா புத்தி மட்டும் கத்தி மாதிரி இருந்துச்சு, அதுதான் கொடுமை.

யார் பாத்துக்கறதுன்னு கேள்வி வந்தப்போ ஹெட்மாஸ்டர் போன்ல என் பொண்டாட்டி கிட்ட சொன்னது இன்னும் காதுல இருக்கு. "உனக்கென்னம்மா, பிள்ளையா குட்டியா. நீ ஃப்ரீயாத்தானே இருக்க."

எங்களுக்குக் குழந்தை இல்ல. அதை அப்படி எடுத்து மூஞ்சியில அடிக்கணுமா? அவ ஒரு பெட்டியில துணியை எடுத்து வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா. எங்க வாடகை வீடு ஊரோட இன்னொரு மூலையில, எங்க கம்பெனி குடோன் பக்கத்துல. காலையில ஆறரைக்கு வண்டி கிளம்பிடும், அதனால நான் இங்கேயே இருந்துட்டேன். சாயந்திரம் வேலை முடிஞ்சு சாமான் வாங்கிக்கிட்டு மாமனார் வீட்டுக்குப் போவேன். சாப்பிடுவேன். மாமாவைத் திருப்பிப் படுக்க வைக்க ஒரு கை பிடிப்பேன். திரும்பி வந்துடுவேன். ரெண்டு வருஷம் புருஷன் பொண்டாட்டி குடும்பம் நடத்தினது இந்த லட்சணத்துலதான்.

அவளோ வெளியவே போக மாட்டா. போக முடியாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாமாவைப் புரட்டணும், இல்லேன்னா முதுகு புண்ணாயிடும். காலையில ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம் நர்ஸம்மா வருவாங்க, குளிப்பாட்ட, ஊசி போட. போகும்போது குப்பையையும் அவங்களே எடுத்துட்டுப் போயிடுவாங்க. துணி பால்கனியில காயும். "அந்தப் பொண்ணு வெயிலைப் பாத்து எத்தனை நாளாச்சு தம்பி"ன்னு நர்ஸம்மா என்கிட்ட ஒரு தடவை கேட்டாங்க. நான் சிரிச்சு மழுப்பிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் ஹெட்மாஸ்டருக்குத் திடீர்னு ஞானோதயம். "அப்பா அங்க தனியா இருக்காரு மாப்பிள்ளை. பாதுகாப்பு வேணும். தெருக்கதவு, ரெண்டாவது மாடிக் கதவு ரெண்டுலயும் கார்டு சிஸ்டம் போடுங்க. நான் இங்கேர்ந்தே பாத்துக்கறேன்."

தனியாவாம்! பக்கத்துல ஒருத்தி மலை மாதிரி நிக்கறா, அவ இவர் கண்ணுக்கு ஆளாவே தெரியல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா வாயைத் திறக்கல. இந்தக் கதையில நான் வாயைத் திறக்காத இடங்களை எண்ணிக்கிட்டே வாங்க, நிறைய இருக்கு.

இங்க என் முதலாளியைப் பத்திச் சொல்லணும். அவர் காகிதத்துல எப்பவும் ஒரு கதவுக்கு ரெண்டு ரீடர்னு எழுதுவாரு. வெளிப்பக்கம் ஒண்ணு, உள்பக்கம் ஒண்ணு. வர்றவனும் கார்டு காட்டணும், போறவனும் கார்டு காட்டணும். ஆனா போடறது வெளிப்பக்கம் மட்டும்தான். உள்பக்கம் ஒரு பச்சை பட்டனை ஒட்டிடுவோம். அமுக்கினா கதவு திறக்கும். யார் அமுக்கினதுன்னு அந்த பட்டனுக்குத் தெரியாது. அதனால பிரவுசர்ல வர்ற லிஸ்ட்டுல உள்ள வந்தவன் பேரு இருக்கும், நேரம் இருக்கும். வெளிய போனதுக்கு ஒரு எழுத்துகூட இருக்காது. ஒருத்தன் காலையில வந்து அஞ்சே நிமிஷத்துல போயிட்டானா, இல்ல உள்ளேயே பாயைப் போட்டுப் படுத்துட்டானா, ரெண்டும் லிஸ்ட்டுல ஒரே மாதிரிதான் தெரியும். வாங்கினவன் யாரும் இதைக் கண்டுபிடிச்சது இல்ல. "வெளிய போறவனை எவன்யா பாக்கப் போறான்"ம்பாரு முதலாளி. நாப்பது கட்டடத்துல இதே கதை. நாப்பதுலயும் வேலை முடிஞ்ச காகிதத்துல, "உள்ளே வருவதும் வெளியே போவதும் முழுமையாகப் பதிவாகும்"ங்கற வரிக்குக் கீழே இருக்கறது என் கையெழுத்து.

"இது என் மாமனார் வீடு முதலாளி"ன்னு நான் சொல்லத்தான் செஞ்சேன்.

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. உன் வீட்டு ஆளுங்க உன்னை நம்பாமலா போயிடுவாங்க?"

நானும் யோசிச்சேன். மாமாவுக்கு ஒரு கைதான் வேலை செய்யுது, என்னைக்காவது எழுந்து நடந்தா பட்டன்தான் அவருக்குச் சுலபம்னு எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கிட்டேன். சாக்கு கிடைச்சதும் மனசு சமாதானமாயிடுச்சு. மாட்டிட்டேன். கையெழுத்தும் போட்டேன். அதோட விட்டேனா? வீடியோ கால்ல ஹெட்மாஸ்டர் கிட்ட ஜம்பமா வேற சொன்னேன்: "ஈ காக்கா நுழைஞ்சாலும் போனாலும் உங்களுக்குத் தெரிஞ்சுடும் மச்சான்."

அவருக்கு அது புது பொம்மை. முதல் மாசம் ஆட்டம் தாங்கல. அங்கேர்ந்து பிரவுசர்ல ஒரு தட்டு தட்டி, தண்ணி கேன்காரனுக்குத் தெருக்கதவைத் திறந்து விட்டுட்டு, "பாத்தியா?"ன்னு போன் பண்ணுவாரு. ஒரு நாள், ராத்திரி பத்து மணிக்குமேல தெருக்கதவு தானா பூட்டிக்கணும்னு நேரம் செட் பண்ணாரு. அவர் ஊர் ராத்திரி பத்துக்குப் பண்ணிட்டாரு, நம்ம ஊர்ல அது பட்டப்பகல். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரு கண்ணாடியைக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு நடுத்தெருவுல நின்னு கத்தறாரு. பல் டாக்டரோட பேஷண்ட் ஒருத்தர், வாயில பாதி பல்லைப் பிடுங்கின பஞ்சோட, மாத்திரை வாங்கப் போனவர் திரும்பி உள்ள வர முடியாம கையைக் காலை ஆட்டறாரு. நான் வேலையைப் போட்டுட்டு ஓடி வந்து சரி பண்ணேன். என் பொண்டாட்டி மாடி ஜன்னல்லேர்ந்து பாத்து வயிறு குலுங்கச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்தது அதுதான் கடைசி.

மூணு மாசம் போச்சு. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் ஒரு ஆஸ்பத்திரிக் கதவுக்காக ஏணி மேல நிக்கறேன். குடும்ப குரூப்புல டொய்ங்னு ஒரு படம் வந்து விழுந்துச்சு. ஹெட்மாஸ்டர் போட்டது. ரெண்டாவது மாடிக் கதவோட மூணு மாச லிஸ்ட்டைக் கூட்டி, பேருக்கு நேரா எண்ணிக்கை போட்டிருந்தாரு. நர்ஸம்மா நூத்தி எழுபத்தெட்டு தடவை. நான் எண்பத்தியொண்ணு. என் பொண்டாட்டி பதினாலு. அந்தப் பதினாலைச் சுத்தி சிவப்புல ஒரு வட்டம்.

கீழே அவர் எழுதியிருந்தது: "மூணு மாசத்துல பெத்த பொண்ணு அப்பாவைப் பாக்க வந்தது பதினாலு தடவை. யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். எண்கள் பேசட்டும்."

அதுக்கு ஆமாண்ணா ஒரு கைகூப்பற பொம்மை போட்டிருந்தான். அப்புறம் வரிசையா சொந்தக்காரங்க. ஒரு சித்தி, "பாவம் அந்த மனுஷன்"னாங்க. யாரோ ஒரு பெரியப்பா பையன், "பொண்ணுன்னு நம்பினாரே"ன்னு எழுதியிருந்தான். அவன் என் மாமனாரைக் கடைசியா பாத்தது எங்க கல்யாணத்துல!

ஏணி மேலயே எனக்கு விளங்கிடுச்சு. அவ உள்ளேயே இருந்தா. வெளிய போனாத்தானே திரும்ப வர? மருந்துக் கடைக்கு, ரெண்டு தடவை பல் வலின்னு கீழ்மாடிக்கு, இப்படி மூணு மாசத்துல அவ அந்தக் கதவைத் தாண்டினது மொத்தமே பதினாலு தடவை. தாண்டித் தாண்டி வந்து போன நாங்க எல்லாம் நல்லவங்க, நகராம இருந்தவ ஓடுகாலி. உள்பக்கம் ஒரு ரீடர் இருந்திருந்தா அவ எப்ப போனா, எத்தனை நிமிஷத்துல ஓடி வந்தான்னு அச்சுல இருந்திருக்கும். பதினாலு தடவையும் சேர்த்தா நாலு மணி நேரம்கூட வெளிய இருந்திருக்க மாட்டா.

ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணிக்கு வீடியோ கால்னு ஹெட்மாஸ்டர் உத்தரவு. மாமனார் வீட்டு ஹால்ல மருந்துக் கூடை மேல டேப்லெட்டைச் சாய்ச்சு வச்சோம். நான், அவ, நேர்ல வந்த ஆமாண்ணா. பக்கத்து ரூம் கதவு திறந்தே இருந்துச்சு. மாமா முழிச்சுக்கிட்டுப் படுத்திருந்தாரு, எல்லாம் அவர் காதுல விழுந்துச்சு. டேப்லெட்ல ரெண்டு முகம். ஒண்ணு ஹெட்மாஸ்டர். இன்னொண்ணு யார்னு நினைக்கிறீங்க? என் முதலாளி! "டெக்னிக்கலா ஒரு விளக்கம் வேணும்னு நான்தான் கூப்பிட்டேன்"னாரு ஹெட்மாஸ்டர்.

அவ முதல்லயே அழுதுட்டா. "நான் எங்கேயும் போகலையேண்ணா. இங்கேயேதானே இருக்கேன். அப்பாவைக் கேளுங்க."

"அப்பாவால என்னம்மா சொல்ல முடியும்? உன் வீடு எங்க இருக்கு? ஊரோட அந்தக் கோடியில. அங்கேர்ந்து வாரத்துக்கு ஒரு தடவை வர, தலையைக் காட்டிட்டுப் போற. நீ இங்கேயேதான் இருந்தேங்கறதுக்கு என்ன ரெக்கார்டு இருக்கு?"

"ரெக்கார்டா? என் கையைப் பாருங்கண்ணா." கையை டேப்லெட்டுக்கு முன்னாடி நீட்டினா. டெட்டால்லயும் சோப்புத் தண்ணியிலயும் ஊறி விரல் நுனியெல்லாம் வெடிச்சுக் கிடந்துச்சு. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைச்சாரு.

காலை வேலை முடிஞ்சு கிளம்பிக்கிட்டிருந்த நர்ஸம்மா அப்படியே நின்னுட்டாங்க. "சார், நான் வேலைக்காரி, குடும்ப விஷயத்துல பேசக்கூடாது. ஆனா அந்தப் பொண்ணைச் சொன்னா நாக்கு அழுகிடும். நான் எப்ப வந்தாலும் கதவைத் திறந்தா எதிர்ல நிக்கறது அவதான்."

"அவங்க உன் ஆளும்மா, வேற என்ன சொல்வாங்க"ன்னு ஹெட்மாஸ்டர் ஒரே வரியில ஓரம் கட்டினாரு. ஆமாண்ணா தரையைப் பாத்துக்கிட்டு, "ஆமாண்ணா"ன்னான்.

அப்புறம் ஹெட்மாஸ்டர் முதலாளியைப் பாத்துக் கேட்டாரு. "சார், இந்த லிஸ்ட்டை நம்பலாமா?"

"நூத்துக்கு நூறு சார். போட்டதே உங்க மாப்பிள்ளைதான். அவரையே கேளுங்க."

ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. முதலாளி சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாரு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நாப்பது கட்டடம். ஒரு கதவுல ரீடர் இல்லேன்னு ஒத்துக்கிட்டா மத்த முப்பத்தொன்பதையும் தோண்டுவாங்க. அத்தனை காகிதத்துலயும் இருக்கறது முதலாளி கையெழுத்து இல்ல, என் கையெழுத்து. எனக்கு அம்பத்தி ரெண்டு வயசு. இந்த வேலையை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. இதெல்லாம் அந்த ஒரு நொடியில மனசுல ஓடுச்சு. அவ என்னைத் திரும்பிப் பாக்கக்கூட இல்ல. எனக்காக இவர் பேசுவாருங்கற தைரியத்துல மூக்கைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

"சொல்லுங்க மாப்பிள்ளை. நம்பலாமா?"

"சிஸ்டம் சரியாத்தான் இருக்கு மச்சான்"னேன்.

பொய் ஒண்ணும் இல்லையே! சிஸ்டம் சரியாத்தான் இருந்துச்சு. போட்ட ரீடர் ஒழுங்கா வேலை செஞ்சுது. போடாத ரீடரைப் பத்தி யாரும் கேக்கல. இப்படித்தான் அன்னைக்கு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். த்தூ.

ஹெட்மாஸ்டர் ஏற்கனவே இடம் பாத்து வச்சிருந்தாரு. ஒரு முதியோர் இல்லம். "அங்க டாக்டர் இருக்காங்க, இருபத்திநாலு மணி நேரமும் ஆள் இருக்கு, சும்மா தலையைக் காட்டிட்டுப் போறவங்களை நம்பி அப்பாவை விட முடியாது"ன்னாரு. புதன்கிழமை வண்டி வந்துடுச்சு. ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சு மாடிப்படியில இறக்கும்போது மாமா வேலை செய்யற கையால படிக்கட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டாரு. விடவே இல்ல. ஒவ்வொரு விரலா பிரிச்சு எடுக்க வேண்டியிருந்துச்சு. எடுத்தது நான்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து, ரெண்டு வருஷம் கழிச்சு எங்க வீட்டுக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு அவ கேட்டா. "எப்படிங்க என் பேரு பதினாலு தடவை மட்டும் வந்துச்சு?"

"மெஷின்ல ஏதோ கோளாறு போல. பாத்துச் சரி பண்றேன்"னேன். அவ நம்பினா. பதினெட்டு வருஷமா என் பேச்சை நம்பியே பழகினவ. "அன்னைக்கு அவசரத்துல உங்களுக்கும் தெரியல போல"ன்னு அவளே எனக்கு ஒரு சமாதானமும் சொன்னா.

இல்லத்துல பாக்கற நேரம் சாயந்திரம் நாலுலேர்ந்து ஆறு. அவ ரெண்டு பஸ் மாறி தினமும் போனா. மூணரைக்கே போய் வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பா. ஆறு மணிக்கு ஒரு ஆள் வந்து நாற்காலியைத் தட்டி எழுப்பாத குறையா வெளிய அனுப்புவான். முதல் வாரம் மாமா அவ கையை விடல. மூணாவது வாரம் முதுகுல புண் வந்துடுச்சு. ரெண்டு வருஷம் அவ கையில இருந்தவரைக்கும் ஒரு சிவப்புகூட வராத முதுகு. "பதினேழு பேருக்கு ரெண்டு ஆளுங்க, எத்தனை பேரைப் புரட்டுவாங்க"ன்னு அவ வந்து அழுதா. நான் ரெண்டு மூணு தடவை போனேன். கால்மாட்டுல நின்னேன். அவர் கண்ணைப் பாக்க எனக்குத் துணிச்சல் இல்ல. வேலை இருக்குன்னு கிளம்பி வந்துட்டேன்.

ஏழு வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில ஒன்பதே காலுக்கு இல்லத்துலேர்ந்து போன். போயிட்டாருன்னாங்க. பக்கத்துல யாரும் இல்ல. பாக்கற நேரம் நாலு மணிக்குத்தானே.

ஹெட்மாஸ்டர் மறுநாள் விமானத்துல வந்து இறங்கினாரு. எல்லாரும் பாக்கற மாதிரி அழுதாரு. அழுததை நான் குறை சொல்லல, அப்பாதானே. எல்லாம் முடிஞ்சு பத்தாவது நாள் காலையில என்னை ரெண்டாவது மாடிக்கு வரச் சொன்னாரு. போனா, அங்க பல் டாக்டர் கையில டேப்போட நின்னுக்கிட்டு ஹாலை அளந்துக்கிட்டிருக்காரு. மாமாவோட கட்டில் கிடந்த ரூமுக்கு நேரா கையைக் காட்டி, "எக்ஸ்ரே இங்க வச்சுக்கலாம்"னாரு. அவர் ரொம்ப நாளாவே ஹெட்மாஸ்டர் கிட்ட இந்த மாடியைக் கேட்டுக்கிட்டு இருந்தாராம். எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். என் பொண்டாட்டி பின் ரூம்ல மாமாவோட துணிமணியைக் கட்டிக்கிட்டிருந்தா.

ஹெட்மாஸ்டர் என் தோள்ல கையைப் போட்டு கதவுப் பக்கம் கூட்டிட்டுப் போனாரு.

"மாப்பிள்ளை, டாக்டருக்கு ஸ்டாஃப் நிறைய பேர் வருவாங்க. இந்தத் தடவை உள்பக்கமும் ரீடர் போட்டுடுங்க. இந்த பட்டன் வேண்டாம். பட்டனை அமுக்கிட்டுப் போனா யார் எப்ப போனான்னே தெரிய மாட்டேங்குது."

"இது உங்களுக்கு எப்ப தெரியும் மச்சான்?"

"முதல் வாரமே தெரியும். லிஸ்ட்டைப் பாத்தா தெரியாதா? எல்லாம் உள்ள, உள்ள, உள்ளன்னே இருக்கு. வெளியன்னு ஒரு வரி இல்ல. ரிப்போர்ட் பாக்கறதுதானே மாப்பிள்ளை என் பொழைப்பு."

"தெரிஞ்சுமா அவளை அப்படிக் கேட்டீங்க?"

"நான் உங்களைத்தான் கேட்டேன்." கோபமே இல்லாம, கணக்குச் சொல்லிக் கொடுக்கற மாதிரி சொன்னாரு. "எல்லார் முன்னாடியும் கேட்டேன், நம்பலாமான்னு. இல்ல மச்சான், இந்தக் கதவு போறதைப் பதிவு பண்ணாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருக்க முடியும்? வாயை மூடிக்கிட்டுப் போயிருப்பேன். நீங்கதான் சொல்லலையே. போட்டவரே சரின்னு சொல்லும்போது எனக்கென்ன வந்துச்சு?"

அறையணும்னு கை துடிச்சுது. யாரை அறையறது? அந்த ஆள் சொன்னதுல ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லையே.

பின்னால ஏதோ விழுந்த சத்தம். திரும்பினேன். என் பொண்டாட்டி ரூம் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. கையில இருந்த போர்வை மூட்டை கீழே கிடந்துச்சு. எவ்வளவு நேரமா நிக்கறான்னு தெரியல. முழுசா கேட்டிருக்கான்னு மட்டும் முகத்துல தெரிஞ்சுது. பல் டாக்டர் அளக்கறதை நிறுத்திட்டு எங்களையே பாத்தாரு.

அவ அண்ணனைப் பாக்கவே இல்ல. என்னைத்தான் பாத்தா.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். அதையும் நம்பியிருப்பா.

"தெரியும்"னேன்.

அவ குனிஞ்சு போர்வையை எடுத்து, மடிப்புக் கலைஞ்சதைத் திரும்ப மடிச்சா. மடிச்சுக்கிட்டே பேசினா, யாருக்கோ நடந்ததைச் சொல்ற குரல்ல.

"என்னை ஏன் இங்க கொண்டு வந்து போட்டீங்கன்னு இல்லத்துல அப்பா தினமும் கேப்பாரு. நான் மெஷின்ல கோளாறுப்பா, மாப்பிள்ளை சரி பண்ணிக்கிட்டு இருக்காரு, சரியானதும் நாம வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்லுவேன். அப்படியான்னு சமாதானமாயிடுவாரு. அந்தக் கடைசித் திங்கக்கிழமை சாயந்திரம்கூட நான் கிளம்பும்போது கேட்டாரு, மாப்பிள்ளை முடிச்சுட்டாரான்னு."